ஆதிச் சபைகளில் புரவலரும் உடன்பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005ஆம் ஆண்டு இஸ்ரேலில் மெகிதோ சிறை வளாகத்தைத் தோண்டியபோது ஒரு கிறிஸ்தவத் தொழுகைக் கூடத்தின் தரை வெளிப்பட்டது. சிறு கற்களைப் பதித்துச் செய்த அழகான தரை. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அகழாய்வாளர்கள் கணித்தார்கள். அதில் கிரேக்க எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: கயானுஸ் என்ற நூற்றுக்கு அதிபதி (ரோமப் படை அதிகாரி), "நம் சகோதரர்", தன் கைப்பணத்தில் இந்தத் தரையைப் போட்டுக் கொடுத்தார், வேலை செய்தவர் புரூத்தியுஸ்.

கொடையைக் குறிக்க அங்கே வரும் வினைச்சொல், கிரேக்க நகரங்களில் செல்வந்தர்களைப் புகழ்ந்து வெட்டிய கல்வெட்டுகளில் வழக்கமாக வரும் சொல். பெயரும் புகழும் நாடிக் கொடுப்பது என்ற மணம் அதில் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே "நம் சகோதரர்" என்ற சொல்லும் உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தவர் பெரிய மனிதர், ஆனால் அண்ணன் தம்பி. இந்த இரண்டும் ஒரே கூடத்தில் எப்படிச் சேர்ந்து இருந்தன? வேதாகம வரலாறு பேசும் இடங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. பெயர்களைப் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

புரவலர் உறவு என்று எதைச் சொல்கிறோம்?

ரோமப் பேரரசில் ஓர் எளியவருக்கு வழக்கு வந்தால், கடன் தேவைப்பட்டால், மகனுக்கு ஒரு வேலை வேண்டுமென்றால், போய் நிற்க ஒரு பெரிய வீட்டு வாசல் வேண்டும். அந்த வீட்டுக்காரர்தான் புரவலர். ரோம நகரில் அவரைச் சார்ந்தவர்கள் விடிந்ததும் வணக்கம் சொல்ல வாசலில் வரிசையாக நிற்பார்கள். அதற்கு ஒரு சிறு படிப்பணம் கிடைக்கும்; 1ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது 25 அஸ் என்ற சில்லறைக் காசு. பதிலுக்கு அவர்கள் புரவலரின் பின்னால் நடப்பார்கள், அவர் பேசும்போது கை தட்டுவார்கள், ஊரெல்லாம் அவர் பெருமையைச் சொல்வார்கள்.

உதவி என்றால் திருப்பிச் செய்ய வேண்டியது என்பதில் அந்தச் சமூகத்துக்குச் சந்தேகமே இல்லை. உதவி செய்வதும் பெறுவதும் எப்படி என்பதைப் பற்றி மட்டும் ரோமத் தத்துவஞானி செனெக்கா 7 பகுதிகள் கொண்ட நூல் எழுதினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை நாம் அறமாகச் சொல்கிறோம். விடுதலை பெற்ற ரோம அடிமைக்கு அது சட்டமாகவே இருந்தது. பழைய எஜமானின் குடும்பப் பெயரைச் சுமந்துகொண்டு, அவருக்கு மரியாதையும் பல வேளைகளில் உழைப்பும் கொடுத்தாக வேண்டும்.

சபைகள் யாருடைய வீடுகளில் கூடின?

இடம் வைத்திருந்தவர்களுடைய வீடுகளில். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், "சபையனைத்தையும்" உபசரித்துவருகிறவர் என்று காயுவைக் குறித்து, ஊர் ஊராகப் போய்ச் சபைகளைத் தொடங்கிய பவுல் சொல்கிறார். பிலிப்பியில் இரத்தாம்பரம் (விலையுயர்ந்த ஊதாத் துணி) விற்ற லீதியாள், எருசலேமில் மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாள், போன ஊரிலெல்லாம் கூடாரத் தொழிலோடு வீட்டையும் திறந்துவைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் எனப் பட்டியல் நீளும். எல்லாரும் மாளிகைக்காரர்கள் அல்ல. பட்டறையோடு சேர்ந்த வாடகை அறைகளிலும் கூடியிருப்பார்கள்.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த தூரா யூரோப்போஸ் நகரில் இப்படி ஒரு வீடு நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.பி. 230களில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். ஓர் அறை ஞானஸ்நானத்துக்கு. வெளியிலிருந்து பார்த்தால் தெருவில் உள்ள மற்ற வீடுகளைப் போலத்தான்.

வீடு தருகிறவர் வெறும் இடம் மட்டும் தருவதில்லை என்பதை மறக்கக் கூடாது. யார் உள்ளே வரலாம், பந்தி எப்போது, யார் எங்கே உட்கார்வது என்பதெல்லாம் வீட்டுக்காரர் சொல்வது. சபைக்கு வந்த சிக்கல்களில் பாதி இந்த வாசற்படியில்தான் தொடங்கியது.

பெபேயாள் வெறும் உதவியாளர்தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். ரோமர் 16இன் தொடக்கத்தில், கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவின் சபைக்கு ஊழியக்காரி என்று பவுல் பெபேயாளை அறிமுகப்படுத்துகிறார். அடுத்து, அவர் "அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்" என்கிறது தமிழ் வேதாகமம். கிரேக்க மூலத்தில் இருப்பது "புரோஸ்தாத்திஸ்". முன்னால் நிற்பவள், காப்பவள், புரவலர் என்று பொருள்படும் பெண்பாற்சொல்.

இந்தச் சொல்லின் எடையைத் தெரிந்துகொள்ள ஒரு கல் உதவுகிறது. கொரிந்துக்கு அருகே ஒரு பிற்காலக் கல்லறையில் மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்த அந்தக் கல், 1954இல் கிடைத்தது. அதில் 5 ஆவணங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஐந்தும் யூனியா தியோதோரா என்ற பெண்ணைப் பற்றியவை. இன்றைய துருக்கியின் தென்கரையிலிருந்த லீசியா நாட்டிலிருந்து கொரிந்துக்கு வந்த பயணிகளுக்கும் நாடு கடத்தப்பட்டவர்களுக்கும் வீட்டைத் திறந்தவர், ரோம அதிகாரிகளிடம் அவர்களுக்காகப் பேசியவர். லீசியர்கள் அவருக்குப் பொன்முடி அளித்துப் பெருமைப்படுத்தினார்கள். அவர் செய்ததைக் குறிக்க அந்தக் கல்லில் வரும் சொல், பெபேயாளுக்குப் பவுல் சொன்ன சொல்லின் உறவுச்சொல். காலமும் 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஊரும் ஏறக்குறைய அதே ஊர். இருவரும் ஒருவரையொருவர் தெருவில் பார்த்திருக்கவும்கூடும்.

ஆகவே "ஆதரவாயிருந்தவள்" என்ற தமிழ் தவறு என்று சொல்லமாட்டேன். ஆதரவு நல்ல சொல். ஆனால் நம் காதில் அது ஆறுதல் சொன்னவர், சமைத்துப் போட்டவர் என்று சுருங்கிவிடுகிறது. பெபேயாள் பணமும் செல்வாக்கும் உள்ளவர். பவுலே அவர் நிழலில் நின்றிருக்கிறார், அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். அதே வரியில் அவரை "நம்முடைய சகோதரி" என்றும் அழைக்கிறார். மெகிதோ தரையில் நாம் பார்த்த இரட்டைச் சொல், அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

"சகோதரர்" என்பது வெறும் மரியாதைச் சொல்லா?

இன்று அப்படித் தேய்ந்திருக்கலாம். அன்று அப்படி இல்லை. யூதர்கள் தங்களுக்குள் சகோதரர் என்று அழைத்துக்கொண்டார்கள். வேறு சில கிரேக்கச் சங்கங்களிலும் அங்கங்கே இந்த வழக்கம் உண்டு. ஆனால் பவுலின் கடிதங்களில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ரூபுவின் தாய் "எனக்கும் தாய்" என்று ஓரிடத்தில் எழுதுகிறார். கூட்டத்தில் முத்தமிட்டு வாழ்த்துங்கள் என்கிறார். முத்தம் பெரும்பாலும் வீட்டாருக்குள் நடப்பது.

இதை ஓர் அடிமையின் இடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். ரோமச் சட்டத்தில் அடிமைக்குத் தகப்பன் கிடையாது. அவன் கூடி வாழும் பெண் சட்டப்படி மனைவி அல்ல, பிறந்த பிள்ளை பெண்ணின் எஜமானுக்குச் சொந்தம். எந்தக் குடும்பப் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவனை வாரந்தோறும் ஒரு கூட்டம் "தம்பி" என்று அழைத்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே சிலர் வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

வெளியே இருந்தவர்களுக்கும் இது உறுத்தியது. தங்கள் சட்டம் தந்தவர் எல்லாரும் சகோதரர் என்று இவர்களை நம்பவைத்துவிட்டார் என்று 2ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற கிரேக்க நையாண்டி எழுத்தாளர் கேலியாக எழுதினார். அண்ணன் தங்கை என்று அழைத்துக்கொண்டு முறைகேடு செய்கிறார்கள் என்ற கொடிய வதந்தியும் கிளம்பியது. மினுசியுஸ் பெலிக்ஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் தன் உரையாடல் நூலில் அந்தக் குற்றச்சாட்டை எதிராளியின் வாயில் வைத்துப் பதில் சொல்கிறார்.

அப்படியானால் அந்தக் குடும்பத்துக்குத் தகப்பன் யார்?

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன விடுபடல் இருக்கிறது. வீட்டையும் சகோதரரையும் தகப்பனையும் தாயையும் விட்டு வருகிறவன் இம்மையில் நூறத்தனையாய்ப் பெறுவான் என்று இயேசு சொல்கிறார். பெறுபவற்றின் பட்டியலில் வீடுகள் உண்டு, சகோதரர், சகோதரிகள், தாய்மார் உண்டு. தகப்பன் மட்டும் இல்லை. ரோம வீட்டில் தகப்பன் என்றால் அதிகாரம். அந்த நாற்காலியை இங்கே மனிதர் யாருக்கும் ஒதுக்கவில்லை. பூமியில் ஒருவரையும் பிதா என்று சொல்லாதிருங்கள் என்று மத்தேயு 23 வெளிப்படையாகவே சொல்கிறது.

நாற்காலி நெடுநாள் காலியாக இருக்கவில்லை என்பதும் உண்மை. பதினாயிரம் உபாத்தியாயர்கள் இருந்தாலும் தகப்பன்மார் அநேகர் உங்களுக்கு இல்லையே, நானே உங்களைப் பெற்றேன் என்று கொரிந்தியருக்குப் பவுலே எழுதினார்.

கொரிந்துவில் பந்தியில் என்ன தகராறு?

முழுச் சிக்கலும் உருக்கொண்ட இடம் இதுதான். ரோம விருந்தில் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு கிடையாது. உணவறையில் மூன்று சாய்மஞ்சங்கள், ஒன்றுக்கு மூன்று பேராக 9 பேர். மற்றவர்கள் முற்றத்திலோ தாழ்வாரத்திலோ இருப்பார்கள். ஒரு விருந்தில் தனக்கும் முக்கியமானவர்களுக்கும் ஒரு மது, சின்ன நண்பர்களுக்கு இன்னொன்று, விடுதலையடிமைகளுக்கு மூன்றாவது என்று வீட்டுக்காரர் பிரித்து வைத்திருந்ததை ரோமப் பிரமுகர் இளைய பிளினி கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மதுதான், அவர்கள் குடிப்பதையே நானும் குடிப்பேன் என்று அங்கேயே சொன்னாராம்.

கொரிந்துச் சபையிலும் இந்தப் பழக்கம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டது. வேலைக்குப் போகத் தேவையில்லாதவர்கள் முன்னதாகவே வந்து சாப்பிட்டிருக்கலாம். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வரும்போது மிச்சம் இருக்காது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். வெறி என்பது குடிவெறி. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். பசியைவிட அந்த வெட்கம்தான் அவரை அதிகம் சுட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பந்தியில் ஓரங்கட்டப்பட்டவருக்கு மட்டுமே தெரியும் வெட்கம் அது.

ஆனால் அவர் சொன்ன தீர்வு? "என் சகோதரரே," கூடிவரும்போது "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்". பசியிருந்தால் வீட்டில் சாப்பிடுங்கள். காத்திருங்கள் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஏற்று உபசரியுங்கள் என்றும் பொருள் கொள்ள இடம் உண்டு. எப்படியானாலும், பணக்காரர் தன் வீட்டில் தன் விருந்தைச் சாப்பிடுவதை அவர் தடுக்கவில்லை. கர்த்தருடைய பந்தியில் மட்டும் புரவலர் வழக்கம் நுழையக் கூடாது என்று கோடு கிழித்தார். கோடு போதாது என்று இன்று நாம் சொல்லலாம். அன்று ஒரு வீட்டுக்காரரிடம் அவர் வீட்டுக்குள்ளேயே, உன் கூலிக்காரன் வரும்வரை உன் இலையைத் தொடாதே என்று சொன்னது சின்னக் காரியம் அல்ல.

பவுல் கொரிந்தியரிடம் பணம் வாங்க மறுத்து, பிலிப்பியரிடம் வாங்கியது ஏன்?

கொரிந்துவில் காசு வாங்கினால் அவர் யாரோ ஒருவர் வீட்டின் ஆஸ்தானப் பேச்சாளர் ஆகிவிடுவார். பேசுகிற வாய் கொடுக்கிற கைக்குக் கட்டுப்படும். அதனால் கையால் வேலை செய்து பிழைத்தார். கொடுக்க வந்தவரை மறுப்பது அந்தச் சமூகத்தில் பகையை விலைக்கு வாங்குவது. கொரிந்தியர் கோபித்துக்கொண்டதை 2 கொரிந்தியர் 11 காட்டுகிறது.

பிலிப்பியர் கொடுத்தது பங்காளிகளின் கொடுக்கல் வாங்கலாக அவருக்குப் பட்டது. அப்போதும் அவர் கடனை ஒப்புக்கொண்டு நன்றி எழுதவில்லை. என் தேவன் உங்கள் குறைவை நிறைவாக்குவார் என்று கணக்கைக் கடவுள் பக்கம் தள்ளிவிடுகிறார். மொய் நோட்டில் எழுதித் திருப்பிக் கட்டுகிற உறவாக அது ஆகிவிடக் கூடாது என்ற கவனம் அந்த வரிகளில் இருக்கிறது.

ஒநேசிமு சகோதரன் ஆனான், விடுதலை ஆனானா?

ஒநேசிமு பிலேமோன் என்பவரின் அடிமை. பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் அவன் விடுதலையானதைச் சொல்லவில்லை. இனி அடிமையாக அல்ல, அடிமைக்கு மேலான பிரியமுள்ள சகோதரனாக அவனை ஏற்றுக்கொள் என்கிறார் பவுல். அவன் பட்ட கடனை என் கணக்கில் வை, என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, நீ உன்னையே எனக்குக் கடன்பட்டிருக்கிறாய், அதைச் சொல்ல வேண்டியதில்லையே என்று நினைவூட்டுகிறார். புரவலர் பேசும் அதே பேச்சை, ஓர் அடிமைக்காக எஜமானிடம் திருப்பிப் பேசுகிறார். இந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இரண்டு உணர்வும் சேர்ந்தே வருகின்றன. "சகோதரன்" என்ற சொல் இவ்வளவு தூரம் போனதே என்ற மகிழ்ச்சி. "விடுதலை" என்ற ஒரு சொல்லை எழுதவில்லையே என்ற வலி.

பின்னாளில் பொதுப் பணத்தில் அடிமைகளை மீட்கும் வழக்கம் சில சபைகளில் இருந்திருக்க வேண்டும். 2ஆம் நூற்றாண்டில் இக்னாத்தியுஸ் என்ற ஆயர், அடிமைகள் பொதுச் செலவில் விடுதலை பெற ஆசைப்பட வேண்டாம் என்று இன்னொரு ஆயரான பொலிகார்ப்புக்கு எழுதுகிறார். கேட்டவர்கள் இருந்ததால்தானே மறுப்பு வந்தது?

பணம் கொடுத்தவர்கள் வைத்ததுதான் சட்டமா?

அப்படி ஆக்கப் பார்த்தவர்கள் உண்டு. பொன்மோதிரம் போட்டவர் வந்தால் நல்ல இடம், கந்தையோடு வந்த ஏழைக்குக் காலடி என்று உட்காரவைப்பதை யாக்கோபின் கடிதம் கடுமையாகச் சாடுகிறது. தியோத்திரேப்பு என்பவர் வந்த சகோதரரை ஏற்காமலும், ஏற்பவர்களைத் தடுத்தும் சபைக்குப் புறம்பாக்கினார் என்று யோவானின் 3ஆம் கடிதம் முறையிடுகிறது. வாசற்படி அதிகாரம் என்று மேலே சொன்னது இதுதான்.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மார்சியன் என்ற போதகர் ரோமச் சபைக்கு வந்தபோது 2,00,000 செஸ்தெர்ஸ் (ரோமக் காசு) கொடுத்தார் என்கிறார் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். அவருடைய போதனை ஏற்கப்படாமல் 144 அளவில் வெளியேற்றப்பட்டபோது பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெருந்தொகை கொடுத்தவரை அனுப்பிவிடும் துணிவு ஒரு சபைக்கு இருந்தது.

இயேசுவின் சொந்தக் குடும்பத்துக்கு என்ன இடம்?

தேவனுடைய சித்தத்தைச் செய்கிறவனே எனக்குச் சகோதரன் என்று அவர் சொன்னபோதும், இரத்த உறவு மறையவில்லை. அவர் சகோதரர் யாக்கோபு எருசலேம் சபையை நடத்தினார். 62இல் கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் பதிவு செய்திருக்கிறார். அடுத்து வந்த சிமியோனும் உறவினர் என்கிறது மரபு.

இயேசுவின் இன்னொரு சகோதரர் யூதாவின் பேரன்மார் இருவரை தொமித்தியன் பேரரசரின் முன் நிறுத்தியதை, எகேசிப்பு என்ற பழைய எழுத்தாளரிடமிருந்து எடுத்து, சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் சொல்கிறார். இருவருக்கும் சேர்த்து 39 பிளெத்ரா (கிரேக்க நில அளவு) நிலம், 9,000 தெனாரி (ரோம வெள்ளிக்காசு) மதிப்பு. உழைத்துக் காய்த்த கைகளைக் காட்டினார்களாம். இவர்களால் என்ன ஆபத்து என்று விட்டுவிட்டார்கள்.

புரவலர்களின் இடத்துக்கு ஆயர்கள் எப்போது வந்தார்கள்?

ஒரே நாளில் அல்ல. 155 அளவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகையில், காணிக்கை சபைத் தலைவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், வழிப்போக்கர்கள் எல்லாருக்கும் அவரே கொடுக்கிறார். கொடுத்தவர் கைக்கும் வாங்குபவர் கைக்கும் நடுவே ஒரு பெட்டி வந்துவிட்டது. ஏழை இனி குறிப்பிட்ட ஒரு வீட்டு வாசலுக்கு நன்றிக்கடன் பட வேண்டியதில்லை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன், மாதம் ஒருமுறை விரும்பியவர்கள் போடும் பணம் ஏழைகளுக்குச் சோறிடவும் அவர்களை அடக்கம் செய்யவும் போகிறது என்கிறார். நல்லடக்கத்துக்கு வழியில்லாதவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

251இல் ரோமச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்கியது என்று அதன் ஆயர் கொர்னேலியுஸ் கடிதம் எழுதினார். இப்போது நகரின் மிகப் பெரிய புரவலர்களில் ஒருவர் ஆயரே. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜில் லூசில்லா என்ற செல்வப் பெண்மணி, தன்னைக் கண்டித்த செசீலியன் ஆயரானதும், எதிரணியில் தன் வீட்டைச் சார்ந்த மயோரினுசை நிறுத்தப் பணம் இறைத்தார் என்று செசீலியன் தரப்பு எழுதியது. வட ஆப்பிரிக்கச் சபை பிளந்தது. பழைய வீட்டுப் புரவலரும் புதிய ஆயரும் மோதிக்கொண்ட இடம் அது.

பணக்காரரும் ஏழையும் சேர்ந்திருப்பதை அவர்களே எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

2ஆம் நூற்றாண்டு ரோமில் ஹெர்மாஸ் என்ற கிறிஸ்தவர் எழுதியதைச் சொல்கிறேன். அவரே அடிமையாக விற்கப்பட்டவர். இத்தாலியில் திராட்சைக் கொடியை எல்ம் மரத்தில் ஏற்றிவிடுவார்கள். மரம் காய்க்காது. கொடி தரையில் கிடந்தால் பழம் அழுகும். மரம் தாங்கினால் இரண்டும் சேர்ந்து காய்த்ததாகும். பணக்காரர் மரம், ஏழை கொடி. ஏழையின் ஜெபம்தான் பழம். கொழுகொம்பு இல்லாமல் கொடி இல்லை என்று நாம் சொல்வோம். ஹெர்மாஸ் அதோடு, கொடி இல்லாவிட்டால் கொம்பு வெறும் கட்டை என்றும் சேர்க்கிறார். கொடுக்கிறவரும் கடன்பட்டவர்தான் என்று ஓர் அடிமையாக இருந்தவர் எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும். கொடி என்றும் கொடியாகவே இருக்க வேண்டுமா என்று அவர் கேட்காதது உறுத்தவும் செய்கிறது.

மெகிதோ தரையில் கயானுஸ் பெயர் மட்டும்தானா?

இல்லை. கடவுளை நேசிக்கும் அகெப்தூஸ் என்ற பெண், தேவனாகிய இயேசு கிறிஸ்துவுக்கு மேசையை நினைவாக அளித்தார் என்று இன்னொரு வாசகம் இருக்கிறது. மூன்றாவது வாசகத்தில் பதவி, கொடை, தொகை எதுவும் இல்லை. நான்கு பெண்களின் பெயர்கள் மட்டும். பிரிமில்லாவையும் கீரியாக்காவையும் தோரொத்தேயாவையும் கிரேஸ்தேயையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறது அது.